எண்ணினால் புண் ஆறுமா?

நோகாத புண்ணை யார் பொருட்படுத்துவார்? மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோயின் வஞ்சகம் அதுவே. இந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளர் 1992இல் அறியப்பட்டார். மருத்துவர் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக இது ஆக்கப்பட்டதோ 2008இல்! பதினாறு ஆண்டுகள் சட்டம் உறங்கிற்று, ஈ உறங்கவில்லை. இன்று எமது அயல் மாவட்டமாம் பொலன்னறுவையில் நோய் வேரூன்றிவிட்டது.

அறிவித்தல் வந்தால் அரசு எண்ணிக்கொள்கிறது. எண்ணினால் புண் ஆறுமா? மருந்தோ வாரந்தோறும் புண்ணிலே ஏற்றும் ஊசி. செட்டிபாளையத்தில் வாழ்ந்து, வாவி கடந்து படுவான்கரையில் வயல் செய்யும் உழவன், நோகாத புண்ணுக்காக வாரம் ஒருநாட் கூலியை இழந்து பட்டணத்து ஆசுபத்திரிக்கு அலைவானா?

உழவர்களே! அந்தியில் மாட்டுப்பட்டியில் நிற்போரை ஈ கடிக்கும், உடலை மூடுங்கள். ஆறாத புண்ணை மறையாது காட்டுங்கள். மருந்து கிராமத்துக்கு வரவேண்டுமெனக் கேளுங்கள். அது சலுகையன்று; உரிமை!