பழகுகிற கைக்கு மட்டக்கருவி போதுமா?

ஏர்பிரஷ் என்பது, அழுத்தமூட்டிய காற்றின் வேகத்தால் வண்ணத்தைப் புகைபோன்ற நுண்துளிகளாகச் சிதறடித்துப் பரப்புகின்ற, பேனாவைப்போல் கையில் பிடிக்கத்தக்க சிறு தூவுகருவி. விமானம், பீரங்கிவண்டி முதலியவற்றின் பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசுவோரிடையே இக்கருவியைக் குறித்து வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. புதிதாகத் தொடங்குபவர் கண்ணில் படுகிற ஆக மலிவான பெட்டித்தொகுப்பை வாங்கி, அதைக் கெடுத்தேனும் பழகட்டும், கை தேறிய பிறகு நல்லதை வாங்கிக்கொள்ளலாம் என்பதே அது. சிக்கனமும் அடக்கமும் கலந்ததாகத் தோன்றும் இந்த அறிவுரை, புதியவருக்குச் சொல்லப்படுவனவற்றுள் ஆகக் கேடானது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியின் தர்க்கமே இந்நம்பிக்கைக்கு அடியில் கிடக்கிறது. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்தால் அதைக் கண்டுகொள்ள ஆடிப் பழகிய கால்கள் வேண்டும் என்பதைப் பழமொழி கருதுவதில்லை. வண்ணம் சீராக வராமல் துப்பித் துப்பி விழுந்தால், வண்ணம் கெட்டியாக இருக்கலாம், காற்றழுத்தம் ஏறி இறங்கலாம், கருவியின் முனை பழுதாகியிருக்கலாம், அல்லது விரல் பிசகியிருக்கலாம். தேர்ந்தவர் இவற்றுள் மூன்றைச் சரிபார்த்து ஒதுக்கி நான்காவதைப் பிடித்துவிடுவார். புதியவருக்கோ நான்கும் ஒருசேரச் சந்தேகத்துக்குரியவை. மட்டக்கருவியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றும் சாமர்த்தியம் தேர்ந்தவரிடமே இருப்பதால், நம்பத்தக்க கருவி அவரைவிடப் புதியவருக்கே கட்டாயமாகிறது.

கருவியின் உள்ளமைப்பை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். முனையில் நாசில் எனப்படும் கூம்புக்குழல் இருக்க, கருவியின் முழுநீளத்துக்கும் ஓடுகின்ற கூரிய ஊசியொன்று அதன் வாயை அடைத்து நிற்கிறது. டிரிக்கரைக் கீழே அழுத்தினால் காற்று நாசிலைச் சுற்றிப் பாயும்; பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி வண்ணத்துக்கு வழிவிடும். இவ்விரண்டையும் ஒரே விரலால் தனித்தனியே ஆளத்தக்க அமைப்பு இரட்டைச் செயல் எனப்படும். வண்ணத்தின் அளவைத் திருகால் முன்கூட்டியே வைத்துவிட, அழுத்தியதும் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வருவது ஒற்றைச் செயல். பல கருவிகளில் நாசில் எறும்புத்தலையளவு மரையால் பொருத்தப்பட்டிருப்பதால், அதற்கான குட்டி ஸ்பேனரைச் சற்றே கூடுதலாக முறுக்கினாலும் கழுத்து ஒடிந்து மரைத்துண்டு உள்ளேயே தங்கிவிடும். ஊசிமுனை எதிலாவது இடித்து மடங்கினால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொக்கி நகத்தின்மேல் மெல்ல இழுக்கும்போது கீறுவதால் தெரியவரும். தூவல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது அதன் வேலை. கிண்ணத்திலுள்ள வண்ணம் உலைநீர்போல் குமிழியிட்டால், நாசில் அமரும் இடத்தில் காற்று கசிந்து பின்னோக்கி வருகிறது என்று பொருள்.

இவையெல்லாம் பத்து நிமிட வேலைகள்தாம், உதிரிப்பாகம் கிடைக்குமானால். பெயரற்ற மலிவுக்கருவிகளிலும் சில செம்மையாகத் தூவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் ஒரே தோற்றமுள்ள இரண்டில் ஒன்றின் நாசில் மற்றதற்குப் பொருந்தும் என்று உறுதி சொல்ல ஆளில்லை. 1904இல் சிகாகோவில் தோன்றிய பாஷே முதலாக, பேட்ஜர், இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எனப் பெயர்பெற்றவர்களின் கருவிகளுக்கு ஊசியும் நாசிலும் வளையமும் எண்ணிட்டுத் தனித்தனியே விற்கப்படுகின்றன. பேட்ஜரின் பேட்ரியட் 105, இவாட்டாவின் நியோ போன்றவை அந்நிறுவனங்களின் விலைகுறைந்த வரிசையைச் சேர்ந்தவையே. முன்னதில் நாசிலுக்கு மரையே இல்லை. செருகி, மேலே மூடியை இறுக்கினால் போதும். புதியவர் ஊசியை மடக்கத்தான் செய்வார், ஆகவே மலிவானதே மேல் என்று வாதிடுவோர், மடங்கிய ஊசிக்கு மாற்று ஊசி எங்கே என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தங்கையும் உண்டு: நாசிலின் வாய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நுட்பமான வேலை என்பது. 0.2 மி.மீ. வாயின் பரப்பு 0.4 மி.மீ. வாயின் பரப்பில் கால்பங்குதான் என்பது மெய். ஆனால் ஊசி கூம்பியிருப்பதால், வண்ணம் வெளிவரும் இடைவெளியைத் தீர்மானிப்பது, ஊசி எவ்வளவு பின்னிழுக்கப்பட்டது என்பதே. பெரிய வாயைக்கொண்டும் மயிரிழைக் கோடு இழுக்கலாம். சிறிய வாயோ உலோகநிற வண்ணத்தின் துகள்களாலும், அடிப்பூச்சின் கெட்டித்தன்மையாலும், முனையிலேயே காய்ந்துபோகும் அக்ரிலிக்காலும் ஓயாமல் அடைபடும். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கை விரிவு 11.23 மீட்டர், 1/72 அளவில் அது 15.6 சென்டிமீட்டர். அதன் அடிப்பக்கம் முழுவதையும் 0.2இல் நிரப்ப முயல்வது, தேநீர்க்கரண்டியால் வாசல் தெளிப்பதற்கு ஒப்பாகும். 0.3 முதல் 0.5 வரை எதுவாயினும் முதல் கருவிக்குத் தகும்.

மிச்சம் பிடிக்கும் ஆசையில் பெரும்பாலோர் கைவைப்பது காற்றின்மேல்தான், தவறான இடமும் அதுவே. கருவியோடு நேராக ஒட்டிக்கொள்ளும் மின்கலக் கம்ப்ரஸர்கள் பலவற்றில் அழுத்தத்தை வேண்டியவாறு மாற்ற முடியாது. அடைத்து விற்கும் வாயுக்கலமோ தூவத் தூவக் குளிர்ந்து அழுத்தம் இழக்கும். சிறு காற்றுத்தொட்டியும், அழுத்தச் சீராக்கியும், நீர்ப்பொறியும் உள்ள எளிய கம்ப்ரஸர் இருந்தால் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு என்ற நிலையில் காற்று அசையாமல் நிற்கும். தொட்டி, பம்பின் துடிப்பைத் தணிக்கிறது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரிவதால், சென்னைபோன்ற கடலோர ஊர்களில் நீர்ப்பொறி இல்லாதவரின் குழாயிலிருந்து, பாதி காய்ந்த வண்ணத்தின்மேல் ஒரு துளி வந்து விழுவது பெரும்பாலும் நேரக் காத்திருக்கும் விபத்து. மூச்சுக்கவசத்திலும் சிக்கனம் வேண்டாம்.

சிக்கனத்துக்குரிய இடங்கள் வேறு. ஐந்தாறு கிண்ணங்கள், மூன்று அளவு நாசில்கள், வண்ணப்புட்டி வரிசைகள் முதலிய அலங்காரங்களை விட்டுவிடலாம். முதல் சில நாள்களுக்கு வண்ணமே வேண்டியதில்லை. மசிகலந்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றிப் பழைய செய்தித்தாளின்மேல் புள்ளியும் கோடும் தூவிப் பழகினால், கெட்டியான வண்ணம் என்ற சந்தேகம் முதலிலேயே கழியும். காற்றும் முனையும் முன்பே சரிபார்க்கப்பட்டவை. அதன் பின்னும் கோடு நடுங்கினால், நடுங்குவது விரல்தான் என்று பழகுகிறவருக்கே தெரியும்.