அரிதாரப் பெட்டி யார் கையில்?

சிங்காரம் பெண்களின் கலை என்பார்கள். ஆனால் மும்பைப் படவுலகில் வெகு காலம்வரை மேக்கப் போடுவது ஆண்களின் ஏகபோகம்! பெண்கள் தலை அலங்காரத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது அங்குள்ள சங்கத்தின் விதி. கலிபோர்னியாவில் முறையாகப் பயின்று வந்த சாரு குரானாவுக்கும், பெண் என்பதால், மேக்கப் கலைஞர் அட்டை மறுக்கப்பட்டது. அவரும் வேறு சிலரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த விதி செல்லாது என்று 2014 நவம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பாயிற்று.

கதவு திறந்துவிட்டது, சகோதரிகளே. உள்ளே நுழையக் கைத்திறன் வேண்டுமே! பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், எத்தனை முகங்களில் உங்கள் கையாலேயே போட விடுவார்கள் என்று கேளுங்கள். கறுப்பு, மாநிறம், இளமை, முதுமை எல்லாவற்றிலும் கை பழக வேண்டும். பூச்சின் நிறத்தைப் புறங்கையில் அல்ல, தாடையோரத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒருவருக்குப் போட்ட பிரஷ்ஷைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் முகத்தில் வைக்காதீர்கள்.

பிறகு சில காலம் அனுபவசாலி ஒருவரிடம் உதவியாளராக இருங்கள். விடியற்கால முகூர்த்தங்கள் நேரந்தவறாமையைக் கற்றுத் தரும். செய்த வேலையைப் போட்டோ எடுத்து வையுங்கள். கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "நம்ம வீட்டுக் கல்யாணந்தானே!" என்பவர்களிடம் அவசியம் பேசிவிடுங்கள்!