தரங்கெட்ட உரமும் குடியானவர் நஷ்டமும்

தரங்கெட்ட உரம் விற்போருக்குச் சட்டத்தில் சிக்ஷை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. 1955-ம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 1985-ல் பிறந்தது உரக் கட்டுப்பாட்டு உத்தரவு. அதை மீறுவோருக்கு 3 மாதம் முதல் 7 வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் விதிக்கலாம். விற்பனை அனுமதியும் பறிபோகும். 2025 ஜூலையில் மத்திய விவசாய மந்திரி ஸ்ரீ சிவராஜ் சிங் சௌஹான், கடும் நடவடிக்கை எடுக்கும்படி முதன்மந்திரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வரவேற்கிறோம். ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகிறது. பயிரை இழந்தவருக்கு என்ன போகிறது?

திருச்சிக்குக் கிழக்கே காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கத்தில், உய்யக்கொண்டான் பாசனத்தில் நெல் பயிரிடும் ஒரு குத்தகைதாரரை எடுத்துக்கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருக்கவேண்டும். கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ இதை அவர் அறிய மாட்டார். சாக்கில் அச்சிட்டிருப்பதை நம்பி வயலில் இறைக்கிறார். தூர் கட்டும் பருவத்தில் பயிர் வெளுத்து நிற்கும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது. அப்போது மூட்டை காலி! இன்ஸ்பெக்டர் மாதிரி எடுப்பதோ கடையிலுள்ள சரக்கிலிருந்து. வீட்டில் பிரித்துக் கிடக்கும் மூட்டை சாட்சியாக நிற்பது அரிது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப 7 நாள் வரை, பின் சோதனை, அதன்மேல் மறுசோதனை, அப்புறம் கோர்ட்டு. இத்தனைக்கும் நெற்பயிர் காத்திருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. பலர் அதே கடையில் அறுவடைக் கணக்கில் கடனுக்கு உரம் எடுப்பவர்கள். கடன் கொடுத்தவர்மேல் புகார் எழுதும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கடைக்காரர் எல்லோரும் மோசக்காரர் என்பது நம் கருத்தன்று. ஆலை முத்திரையோடு வந்ததை அப்படியே விற்று அகப்பட்டுக்கொள்பவரும் இருக்கின்றனர்.

கெட்ட விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே, நஷ்ட ஈடு கேட்கலாம் என்று தேசிய விதைக் கார்ப்பரேஷன் வழக்கில் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உரத்துக்கும் அந்த வழி செல்லும். ஆயினும் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு தனி ஆளாய்க் கோர்ட்டுப் படி ஏறு என்பது ஏழைக் குத்தகைதாரருக்குச் சொல்லும் யோசனையா?

2018 முதல் நாடு முழுவதும் மானிய உரம், ஆதார் முதலிய அடையாளம் பெற்று, கருவியில் பதிந்தே விற்கப்படுகிறது. எவர், என்று, எந்தக் கடையில், எத்தனை மூட்டை வாங்கினார் என்ற கணக்கு சர்க்கார் கையிலேயே இருக்கிறது. ஆலைகளுக்கு மானியம் அளக்க உதவும் இக்கணக்கு, மாதிரி தவறியவுடன் அச்சரக்கு வாங்கியவர்களைத் தேடவும் உதவாதா? மூட்டை விலையையும் பயிர் நஷ்டத்தையும் குற்றவாளியிடம் வசூலித்து, புகாரை எதிர்பாராமல் நேரே அவர்களிடம் சேர்க்க, உத்தரவில் ஒரு பிரிவு வேண்டும். சென்னை சர்க்கார் இதை டில்லிக்கு எழுதட்டும். காவேரிப் பாசன ஜில்லாக்களின் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் கேட்கட்டும்.