பெட்டிக்குச் சில்லு பூட்டியவர்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் நம் காத்தான்குடி வீடுகளில் பெட்டிகளின் அடியில் சில்லுகளைப் பார்த்திருப்பீர்கள்.

1970இல் அமெரிக்கரான பேர்னாட் சடோ, குடும்பத்தோடு விடுமுறை முடிந்து திரும்புகையில் இரண்டு பாரப் பெட்டிகளைச் சுமந்து களைத்தார். விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி கனத்த இயந்திரத்தைச் சில்லுப் பலகையில் இலேசாகத் தள்ளிச் சென்றார். அதுவே யோசனையானது. பெட்டிக்கு நான்கு சில்லுகள் பூட்டி வாரால் இழுத்தார். கடைக்காரர்களோ, ஆண்மகன் பெட்டியை இழுப்பதா என்று மறுத்தார்கள். 1972இல் காப்புரிமை பெற்றார்.

சில்லும் பழையது, பெட்டியும் பழையது. இரண்டும் சேர்ந்த பின்னும் குறுக்கே நின்றது வீண் பெருமை.

அரிசி மூட்டையை உம்மா தூக்குவது வழமைதானே என்றிருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாரத்தைப் பாரமென்று உணர்ந்தவரே வழி தேடுவார். நாளை அவர்கள் கையும் நீளும், இன்ஷா அல்லாஹ்.