சுக்கான் தண்டை வற்புறுத்தலாகாது

பழைய மோட்டார்க் காரொன்றை வாங்க முற்படுபவர் அதன் வர்ணத்தையும் ஆசனங்களையும் இயந்திரத்தின் ஓசையையும் நுணுகி ஆராய்வது வழக்கம். சுக்கானைப் பற்றி அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஆட்டம் இருக்கிறதா?" இல்லையென்றால் மனநிறைவோடு விலை பேசத் தொடங்கிவிடுகிறார். ஆனால், ஆடாத சுக்கானெல்லாம் நல்ல சுக்கான் அன்று. ஆடுகின்ற சுக்கான் தன் குறையைத் தானே சொல்லிவிடும். இறுக்கி அடக்கப்பட்ட சுக்கானோ அதனை மறைத்துவைத்து, வளைவான வீதியிலே காட்டிக்கொடுக்கும். பழைய காரைப் பேணும் குடும்பத்தினர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் வீதிகளில் இன்றும் தென்படும் மொரிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் அறிமுகமாயிற்று. இங்கிலாந்தில் 1971 வரை உற்பத்தி நீடித்தது. 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. இதன் சுக்கான் அமைப்பு மிக எளியது. சுக்கானோடு பிணைந்த தண்டு ஓர் உறைக்குழாயினுள் சுழல்கிறது. தண்டின் அடிமுனை ஒரு சிறு பற்சக்கரத்தின் அச்சோடு இணைகிறது. அப்பற்சக்கரம் குறுக்கே கிடக்கும் பற்சட்டத்தை இடமும் வலமும் நகர்த்த, முன்சக்கரங்கள் திரும்புகின்றன. உறைக்குழாயின் மேற்பகுதியை முன்பலகையின் கீழுள்ள தாங்கி பிடித்துக்கொள்கிறது.

கேத்திரகணிதம் கற்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி இங்கே உண்டு. இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கின்றன. பற்சக்கரத்தின் அச்சு எத்திசையை நோக்குகிறது என்பதை அதன் இரு முனைகளும் முன்னரே தீர்மானித்துவிட்டன. மேலேயுள்ள தாங்கி மூன்றாவது புள்ளி. அது அந்தக் கோட்டில் அமையாவிட்டால், போல்ட்டை இறுக்கும்போது வளைந்து கொடுக்க வேண்டியது தண்டே. வளைந்து நிற்கும் தண்டு குழாயின் ஒரு பக்கத்தை உரசும். பற்களும் ஒரு புறமாகவே தேயும். கைக்கோ சுக்கான் உறுதியாக இருப்பதாகத் தோன்றும்!

இதனைக் கண்டறிய ஓர் எளிய சோதனை போதும். காரின் முன்புறத்தை உயர்த்தி, ஜாக்கை மட்டும் நம்பாது, உறுதியான தாங்குகால்களின்மேல் நிறுத்துக. சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பிப் பார்க்க. பின்னர் முன்பலகையின் கீழுள்ள தாங்கியின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, மீண்டும் திருப்புக. இப்போது சுக்கான் இலகுவாகச் சுழன்றால், இதுவரை தண்டு வற்புறுத்தப்பட்டிருந்தது என்பது தெளிவு. இரு தடவையும் ஒரே மாதிரி இறுகியிருந்தால், குறையை வேறிடத்தில் தேட வேண்டும்.

பொருத்தும் வேலையில் ஒழுங்குமுறை முக்கியமானது. கழற்றுமுன் தண்டும் பற்சக்கர அச்சும் கூடுமிடத்தில் ஓர் அடையாளக் கோடு இடுதல் நன்று; இன்றேல் சக்கரங்கள் நேராக நிற்க, சுக்கானின் கைகள் கோணலாக நிற்கும். பற்சட்டத்தை அதன் இருப்பிடத்தில் முதலில் உறுதியாக இறுக்குக. அடுத்து, தண்டின் அடியிணைப்பைப் பொருத்தி, அதன் போல்ட் அச்சிலுள்ள பள்ளத்தினூடாகச் சரியாகச் சென்றிருப்பதை உறுதி செய்க. பள்ளத்தில் அமராத போல்ட், தண்டு மேல்நோக்கிக் கழன்றுவர இடங்கொடுக்கும். மேல் தாங்கியை இறுதியிலேயே இறுக்குதல் வேண்டும். தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே வெளி தெரிந்தால், மெல்லிய தகடு வைத்து நிரப்புக. போல்ட்டின் பலத்தால் இழுத்து மூடலாகாது.

ஒஸ்டின் ஏ-40 போன்ற கார்களில் பற்சட்டம் இல்லை; சுக்கான் பெட்டி உண்டு. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால், பெட்டியின் உறுப்புகள் நடுநிலையிலேயே மிகுதியாகத் தேய்கின்றன. அந்த ஆட்டத்தை முற்றாகப் போக்க எண்ணி இறுக்கினால், தேயாத ஓரங்களில் சுக்கான் பிடித்துக்கொள்ளும். வளைவிலே திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது நின்றுவிடும். எதிரே பஸ் வரும் வேளையில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் எவ்வளவு ஆட்டம் பொறுக்கத்தக்கது? பிரித்தானிய வாகனப் பரிசோதனை விதிகள் இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றன. 380 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள சுக்கானின் விளிம்பில், மைனரைப் போன்ற பற்சட்ட அமைப்புக்கு 13 மில்லிமீற்றரும், பெட்டி அமைப்புக்கு 75 மில்லிமீற்றரும் மேலெல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அதனை மீறினால், கிங் பின், இணைப்புக் கோல்களின் மூட்டுகள் ஆகியவற்றையும் பரிசோதித்த பின்னரே தண்டின்மேல் பழிபோட வேண்டும்.

இன்னுமொன்று. இக்கார்களின் சுக்கான் தண்டு மடங்காத இரும்பு. அதன் மறுமுனை சாரதியின் மார்பை நோக்கி நிற்கிறது. மோதலின்போது அமுங்கிக் கொடுக்கும் தண்டுகளை அமெரிக்க ஐக்கிய நாடு 1968 இலேயே புதிய கார்களுக்குச் சட்டமாக்கியது. ஆகையால், பழைய காரை ஓட்டுபவர் ஆசனத்தைச் சுக்கானோடு ஒட்டவிடாமல் பின்தள்ளி அமைத்துக்கொள்வது புத்தி.

தண்டைக் கழற்றிப் பூட்டும் வேலையைப் பயின்ற மெக்கானிக்கிடமே விடுக. ஆயினும் அவ்வேளையில் அருகில் நின்று, மேல் தாங்கி கடைசியாக இறுக்கப்படுகிறதா என்று கவனிப்பது உரிமையாளர் கடமை. வேலை முடிந்ததும் ஆளரவமற்ற வெளியிலே மெதுவாக ஓட்டி, இருபுறமும் திருப்பிப் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க. சுக்கான் தானாக நேருக்குத் திரும்பினால், அதன் பின்னர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லலாம்.