எக்மோ வரை போனாலும் முதல் மூச்சு கரையில்தான்!

"வயித்த அமுக்குங்க, தண்ணி வெளிய வந்துடும்!" ஏரியிலோ கிணற்றிலோ மூழ்கியவரைத் தூக்கிக் கரையில் போட்டதும் கூட்டத்தில் முதலில் எழும் குரல் இதுதான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குபவர்களும் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால், அப்படிப் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குப் பேரிழப்பு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். இவர்களில் பலர் குழந்தைகள், இளைஞர்கள். அதாவது, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள்.

மாரடைப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. திடீரென இதயம் நின்று சரிபவரின் ரத்தத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதனால்தான் 'நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்' என்று பல முகாம்களில் கற்றுத்தருகிறார்கள். நீரில் மூழ்கியவர் கதை தலைகீழ். முதலில் மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் தீர்கிறது, கடைசியில்தான் இதயம் நிற்கிறது. ஆக்சிஜனே இல்லாத ரத்தத்தை அமுக்கி அமுக்கி அனுப்பி என்ன பயன்?

அதனால் இங்கே மூச்சுதான் முதல் மருந்து. மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு மேலெழும் அளவுக்கு ஊத வேண்டும். தொடக்கத்தில் 2 முறை என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். 5 முறை என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். பிறகு 30 முறை நெஞ்சை அமுக்கி, 2 முறை ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. 108-க்குப் போன் செய்வதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐசியூவில் என்ன நடக்கும்?

நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு மெல்லிய பூச்சு உள்ளே உண்டு. புகுந்த தண்ணீர் அதைக் கெடுத்துவிடுகிறது. காற்றுப்பைகள் சுருங்கி, திரவம் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டர் சிறு சிறு அளவில் காற்றைச் செலுத்தி, அவை மூடிவிடாமல் அழுத்தம் கொடுத்துப் பிடித்துவைக்கிறது. கரையிலேயே கண் விழித்தவருக்கும் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். 'முழிச்சுட்டான், வீட்டுக்குப் போலாம்' என்று கிளம்பிவிடக் கூடாது.

வென்டிலேட்டரும் கைகொடுக்காதபோது எக்மோ. 2016-ல் ஜெயலலிதா, 2020-ல் எஸ்.பி.பி. சிகிச்சையின்போது நமக்குப் பழக்கமான சொல். உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கித் திரும்ப அனுப்பும் கருவி. அது நுரையீரலையோ இதயத்தையோ குணப்படுத்துவதில்லை. அவை தேறும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது. ஆனால், செத்துப்போன மூளைச் செல்களை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

'ஒரு மணி நேரம் கழிச்சும் பொழைச்சாங்களே?'

உண்மைதான். 1999 மே மாதம், வடக்கு நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஒரு பெண் மருத்துவர் ஓடையின் உறைந்த பரப்புக்கு அடியில் சிக்கினார். 80 நிமிடங்கள் கழித்தே வெளியே எடுத்தார்கள். உடல் வெப்பநிலை 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. செயற்கை இதய-நுரையீரல் கருவியில் ரத்தத்தை மெல்லச் சூடேற்றி மீட்டார்கள். பல வாரம் வென்டிலேட்டரில் இருந்து தேறி, மீண்டும் மருத்துவர் பணிக்கே திரும்பினார்.

ஆனால், அவருக்குப் பனிக்கடியில் கொஞ்சம் காற்று கிடைத்தது. இதயம் நிற்கும் முன்பே மூளை குளிர்ந்து, அதன் ஆக்சிஜன் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. வெளியே எடுத்த நொடியிலிருந்து ஹெலிகாப்டர் பயணம் வரை சிபிஆர் தொடர்ந்தது. நம் ஊர்க் குளமும் கிணறும் அந்தக் குளிர்ச்சியைத் தராது. இங்கே சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும்.

காத்திருக்கும் குடும்பத்துக்கு...

"எப்ப கண் முழிப்பாங்க டாக்டர்?" என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் கிடைக்காது. இதயம் மீண்டும் துடித்த பிறகு குறைந்தது 72 மணி நேரமாவது பொறுத்து, மயக்க மருந்தின் தாக்கம் தணிந்த பின், கண்மணி அசைவு, மூளை அலைப் பதிவு, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை காய்ச்சல் வராமல் காப்பதும் சிகிச்சையின் முக்கியப் பகுதி. மருத்துவர் 'பொறுங்கள்' என்பது எப்போதுமே மழுப்பல் அல்ல.

எக்மோ வசதி பெருக வேண்டும், மறுப்பில்லை. ஆனால், அந்தக் கருவி காப்பாற்ற எதை மிச்சம் வைக்கிறோம் என்பதைக் கரையில் நிற்பவர்களே தீர்மானிக்கிறார்கள். பள்ளி, கல்லூரி, அலுவலக சிபிஆர் பயிற்சிகளில் நெஞ்சை அமுக்குவதோடு, ஊதவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அருவிக்கும் ஆற்றுக்கும் கிளம்பும் ஒவ்வொரு நண்பர் குழுவிலும் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும். அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?