ஆடாமலே தீர்ப்பு

வீடியோ கேமுக்கு எழுதுவது இலக்கியமே அல்ல, இரண்டு சண்டைகளுக்கு நடுவே இட்டு நிரப்பும் வசனம் என்கிறார்கள். சண்டைக்கென்று தனிமுறையே இல்லாத கேமை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களாம்?

2019-இல் வந்த 'டிஸ்கோ எலீசியம்' அப்படிப்பட்டது. அதன் எழுத்தாளர்களில் ஒருவரான எஸ்தோனியர் ராபர்ட் குர்விட்ஸ் அதே கற்பனை உலகை வைத்து 2013-இல் நாவல் எழுதினார், பெரிதாக விற்கவில்லை. கேமில் அந்த உலகம் விரிந்தது. புரட்சி தோற்று அந்நியக் கூட்டணியின் பிடியில் கிடக்கும் ரெவாஷோல் நகரம், வேலைநிறுத்தம் நடக்கும் துறைமுகம், மரத்தில் தொங்கும் பிணம், குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த போலீஸ்காரர். தர்க்கம், பரிவு, அதிகாரம் என அவருடைய 24 திறன்களும் அவரிடமே தனித்தனிக் குரலில் பேசும், ஒன்றையொன்று மறுக்கும், தவறாகவும் வழிகாட்டும். (அவருடைய டைகூடப் பேசுகிறது!)

முடிவெடுப்பது ஆடுபவர், எழுத்தாளருக்கு என்ன வேலை என்பது அடுத்த வாதம். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பதிலை எழுதியது யார்? அவர் தொடாமல் விட்ட பதில்களையும் அதே எழுத்தாளர்கள்தான் எழுதினார்கள். மொத்தம் 10 லட்சம் சொற்களுக்கு மேல். ஒருமுறை ஆடி முடித்தால் அதில் பெரும்பகுதி கண்ணில்கூடப் படாது. படிக்கப்படாமலே போகலாம் என்று தெரிந்தே எழுதும் இந்த உழைப்பு எத்தனை நாவலாசிரியர்களுக்கு வாய்த்திருக்கிறது?

மட்டமான கேம் எழுத்து ஏராளம், மறுக்கவில்லை. மட்டமான நாவல்களும் அப்படித்தான். ஒரு கேமையாவது ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.